மணிக்கட்டும் பால் கத்தியும்

எஹலியகொடைக்குப் பக்கத்தில் ஓர் இறப்பர் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடமாகப் பால் வெட்டுகிறேன். "மரத்தைச் சுரண்டினால் பால் வருந்தானே, அதில் என்ன பெரிய வேலை?" என்று டவுணில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. சுரண்டினால் வரும்தான். ஆனால் சுரண்டுகிற கைக்கு அளவு தெரிந்திருக்க வேண்டும். ஒரு வெட்டுக்கு ஒரு மில்லிமீற்றரோ, அதைவிடக் கொஞ்சம் கூடவோதான் பட்டையைச் சீவலாம். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிவாக வர வேண்டும். பால் ஓடும் நாளங்கள் பட்டைக்குள் கொஞ்சம் சாய்ந்து சுற்றிக்கொண்டு போவதால் இப்படி வெட்டினால்தான் நிறைய நாளங்கள் அறுபடும். கத்தி ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் முடிச்சு விழும். பிறகு புதுப்பட்டை ஒழுங்காக வளராது, அடுத்த முறை அதில் வெட்டவும் முடியாது. இந்த அளவையெல்லாம் கண்ணைவிட மணிக்கட்டுத்தான் பார்த்துக்கொள்ளும்.

அந்த மணிக்கட்டுத்தான் 2023 ஒக்டோபரில் எனக்கு உடைந்தது.

எங்கள் பக்கத்து மழையைப் பற்றி இரத்தினபுரி மாவட்டத்தார் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏற குறைந்துவிடும். அன்று விடியும்வரை மழை பெய்ததால் பட்டை காயும்வரை காத்திருந்து, எட்டு மணிக்குப் பிறகுதான் வெட்டத் தொடங்கினோம். பால் எடுத்துக்கொண்டு இறங்கும்போது கான் ஓரத்து மண் சரிந்து கால் வழுக்கியது. இடது கையில் வாளி. வலது கையை ஊன்றித்தான் விழுந்தேன். எழும்பிப் பார்த்தபோது மணிக்கட்டு, கவிழ்த்து வைத்த முள்ளுக்கரண்டியைப் போல் வளைந்திருந்தது. பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த தங்கச்சி ஓடிவந்து தன் முந்தானையால் கட்டிவிட்டாள். வலியைவிடக் கொட்டிப்போன பாலைப் பார்த்துத்தான் முதலில் அழுதேன் என்று அவள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

எக்ஸ்ரே பார்த்த டொக்டர் அதைக் "கொலஸ் முறிவு" என்றார். பிறகு மகள் தேடிப் படித்துச் சொன்னாள், டப்ளின் நகரத்து ஆபிரகாம் கொலஸ் என்ற சத்திர வைத்தியர் 1814இல் இதைப்பற்றி எழுதினாராம். எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895இல்தான். அதற்கு எண்பது வருடத்துக்கு முன்பே தொட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார் மனுசன்! மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உடம்பில் ஒரு ஹோர்மோன் குறைவதால் எலும்பு மெலியுமாம். அதனால் கையை ஊன்றி விழுந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முறியுமாம். எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. குரக்கன், நெத்தலி, முருங்கைக்கீரை எல்லாம் பிள்ளைப்பெற்றவளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மட்டும் என்றுதான் நம் வீடுகளில் ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஐம்பது வயதுக்காரிக்கும் ஒரு பங்கு வையுங்கள்.

மயக்க மருந்து கொடுத்து எலும்பை இழுத்து நேராக்கி, முழங்கைக்குக் கீழே மாப்போட்டு, ஆறு கிழமை என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் வேறொரு பிரச்சினை. மாமிக்கு ஆஸ்பத்திரி மாவில் நம்பிக்கையில்லை. "அதை வெட்டி எறி புள்ள, முறிவு வைத்தியர்ட்ட போவோம்" என்று மூன்று நாள் பிடிவாதம் பிடித்தார். எங்கள் ஊர்ப்பக்கம் கெடும் பிந்தும் வைத்தியம் பேர்போனது, சிங்களவர், தமிழர் எல்லோரும் போவார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போட்ட மாவை இடையில் வெட்டினால் இழுத்து வைத்த எலும்பு திரும்பவும் விலகிப்போகும் என்று டொக்டர் சொன்னது மனதில் நின்றது. கீழே கிராமத்து நோனா ஒரு போத்தல் எண்ணெய் கொண்டு வந்து தந்தார். மா வெட்டிய பிறகு பூசிக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்தேன். மாமியும் அதோடு ஓய்ந்தார்.

ஆறு கிழமை ஒரு கையோடு இருந்து பார்த்தால்தான் மற்றக் கை என்னென்ன செய்திருக்கிறது என்று தெரியும். சட்டைக் கொக்கி மாட்ட முடியாது. தேங்காய் துருவ முடியாது. தலை வார முடியாது. எழுபத்தெட்டு வயது மாமி காலையில் என்னை வாசல்படியில் உட்கார வைத்து, நடுங்குகிற கையால் வாரிப் பின்னிவிடுவார். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்குள்ளும் எத்தனையோ நடந்திருக்கிறது. அந்தப் படியில் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சிக்கெடுக்கும்போது வலிக்கிறதா என்று மட்டும் கேட்பார்.

பணத்துக்குத்தான் கஷ்டம். வேலைக்குப் போனால் பெயர், போகாவிட்டால் ஒன்றுமில்லை. 2021இல் வந்த ஆயிரம் ரூபாய்ச் சம்பளந்தான் அப்போதும். குழுக்கடனுக்குக் கிழமைதோறும் கட்ட வேண்டியிருந்தது. வேலை செய்யும்போது காயம்பட்டால் நட்டஈடு கேட்கச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. 2022இல் செய்த திருத்தத்தில் வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் "வேலை நேரத்தில்தான் விழுந்தாயா?" என்று தோட்டத்தில் மூன்று பேர் மூன்று தரம் கேட்டார்கள். தங்கச்சி சாட்சி சொன்னதாலும், முதல்நாள் ஆஸ்பத்திரித் துண்டை மகள் பத்திரமாக வைத்திருந்ததாலும் படிவம் நகர்ந்தது. அப்படியும் மாதக்கணக்கானது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்தால் அன்றைக்கே பதிந்துகொள்ளுங்கள், ஆஸ்பத்திரித் துண்டு எதையும் எறிந்துவிடாதீர்கள்.

மா வெட்டிய நாளில் என் கையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மெலிந்து, தோலுரிந்து, விரல்கள் விறைத்து, சாயத்தண்ணிக் கோப்பைகூடப் பிடிபடவில்லை. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டுவது, ஈரத்துணியைப் பிழிவது, உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவது என்று பயிற்சி சொல்லித் தந்தார்கள். முதல் கிழமை செய்தேன். பிறகு வலியும் சலிப்பும் வந்துவிட்டன. சும்மா காற்றைப் பிடித்து மூடித் திறந்துகொண்டு எவ்வளவு நேரம் இருப்பது?

எனக்குக் கால்மிதி செய்யும் பழக்கம் முன்பே உண்டு. மகள் அவிசாவளையில் சீதாவக்கைக் கைத்தொழில் பேட்டையில் தைக்கிறாள். அந்தப் பக்கம் வெட்டுத்துணியைக் கிலோக்கணக்கில் வாங்கலாம். சாக்குத் துணியில் கொக்கியால் துணிப்பட்டியை இழுத்து இழுத்து முடிச்சுப் போட வேண்டும். மழைநாளில் பொழுதுபோக்காகச் செய்து யாருக்காவது கொடுப்பேன். பயிற்சி தந்த மிஸ்ஸிடம் இதைச் செய்யலாமா என்று கேட்டேன். விரலுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது, வலி கூடினால் மட்டும் நிறுத்துங்கள் என்றார். முதல் நாள் பதினொரு முடிச்சு. கார்த்திகை விளக்கீட்டன்று ஒரு வரிசை. நத்தாருக்கு ஒரு முழுக் கால்மிதி, ஒரு பக்கம் கோணலாக. கணவர் அதைப் படியில் போட விடாமல் சுவரில் ஆணியடித்து மாட்டினார். கால்மிதியைச் சுவரில் மாட்டிய வீடு எங்கள் லயத்தில் எங்களுடையதுதான்.

மாசி, பங்குனியில் இறப்பர் இலை உதிர்த்துத் துளிர்க்கும், பாலும் குறைவு. அந்த நாட்கள் எனக்குக் கிடைத்த கூடுதல் அவகாசம். வெட்டி வீழ்த்தப் போகிற ஒரு கிழட்டு மரத்தில் கங்காணி ஐயா என்னை வெட்டிப் பார்க்கச் சொன்னார். கத்தி நடுங்கியது. மூன்றாவது வெட்டு மரத்தைத் தொட்டது. பக்கத்திலேயே என் பழைய வெட்டுகள், அதன்மேல் வளர்ந்து மூடிய புதுப்பட்டை எல்லாம் இருந்தன. பத்து நாள் அந்த மரத்தில்தான் பழகினேன்.

மகளுக்கு நான் திரும்பப் போனதில் இன்றும் கோபம். "நான் உழைக்கிறேன்தானே அம்மா, இன்னும் ஒருதரம் விழுந்தால் என்ன செய்வீங்க?" என்கிறாள். அவள் கேட்பது சரியான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. ஓய்வு பெறும்போது வரும் பணத்துக்கு இன்னும் சில வருடம் வேண்டும், அது ஒன்று. விடியற்காலையில் மரத்தடியில் நிற்காத நாள் எனக்கு நாளாகத் தெரிவதில்லை, அது இன்னொன்று. இரண்டாவதை அவளிடம் சொல்வதில்லை, சிரிப்பாள்.

இப்போது சரிவில் இருந்த என் நிரையைத் தங்கச்சி எடுத்துக்கொண்டு, சமதரையில் இருந்த அவளுடையதை எனக்குத் தந்திருக்கிறாள். முன்பு இருநூற்றெண்பது மரம், இப்போது நூற்றெண்பதுதான். மழை வரப்போகிறதென்றால் வானத்துக்கு முன் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. அன்று பால்வெட்டு இல்லை, கொக்கியை எடுத்துவிடுவேன். எண்ணெய் தந்த நோனா தன் மகளின் புதுவீட்டுக்கு இரண்டு கால்மிதி கேட்டிருக்கிறார், காசு தருவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒன்று முடிந்துவிட்டது. மற்றதில் நடுப்பூவுக்குச் சிவப்பு போதவில்லை. சனிக்கிழமை மகள் கொண்டு வரும் மூட்டையில் இருக்கிறதா பார்க்க வேண்டும்.