உப்பு விளையும் பாறை ஊர்: லெபனானின் அன்ஃபே

லெபனான் என்றதும் விவிலியம் போற்றும் கேதுரு மரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. அம்மரங்கள் வளரும் மலைகளுக்குக் கீழே, மத்தியதரைக் கடலோரத்தில் அமைந்த ஒரு சிற்றூரை இம்மாதம் காண்போம். தலைநகர் பெய்ரூத்திலிருந்து வடக்கே செல்லும் சாலையில், திரிப்போலி நகருக்குச் சுமார் 15 கிலோமீட்டர் முன்பாக அன்ஃபே இருக்கிறது.

அரபு மொழியில் 'அன்ஃப்' என்றால் மூக்கு. சுமார் 400 மீட்டர் நீளமுள்ள பாறை முனை ஒன்று மூக்கைப் போலவே கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. நிலத்தினின்று அதனைத் துண்டிக்கப் பாறையிலேயே வெட்டிய அகழியை இன்றும் காணலாம். சிலுவைப் போர்க் காலத்தில் நெஃபின் என்ற பெயருடன் இங்கே கோட்டை இருந்தது. 1289-இல் திரிப்போலி மம்லூக்கியர் வசமானதோடு இலத்தீனரின் ஆட்சி முடிவுற்றது.

கோட்டை அழிந்தது, ஆலயங்கள் எஞ்சின. மாலுமிகள் நாடிய 'காற்றின் அன்னை' சிற்றாலயம் அவற்றுள் ஒன்று. சிலுவைப் போர்க் காலத்து இலத்தீனர் கட்டிய புனித கத்தரீனம்மாள் ஆலயத்தில் இன்று வழிபடுவோர் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மக்கள். அந்தியோக்கியா முதுபெரும் தந்தையின் தலைமையை ஏற்ற இவர்களே ஊரில் பெரும்பான்மையினர். உரோமையோடு ஒன்றித்த மாரோனைட் கத்தோலிக்கரும், சுன்னி முஸ்லிம்களும் அவர்களோடு வாழ்கின்றனர்.

கிறிஸ்து பிறப்பை இரு திருச்சபையாரும் டிசம்பர் 25-இலேயே கொண்டாடுகின்றனர். உயிர்ப்புப் பெருவிழாவோ பெரும்பாலான ஆண்டுகளில் வெவ்வேறு ஞாயிறுகளில் வருகிறது. ஒரு வீட்டில் அல்லேலூயா ஒலிக்கையில் அண்டை வீட்டார் இன்னும் நோன்பில் இருப்பர். பிரிவினையின் வேதனையை இதைவிடத் தெளிவாக யார் உணர்த்த இயலும்? முஸ்லிம்களும் மரியன்னையை மதிப்பவர்கள். எனவே 2010-இல் லெபனான் அரசு மார்ச் 25-ஆம் நாளை, மங்கள வார்த்தைத் திருநாளை, இரு சமயத்தாருக்கும் பொதுவான தேசிய விடுமுறையாக்கியது.

அருகிலுள்ள பலமந்த் குன்றின் மடத்தை 1157-இல் நிறுவியவர்கள் சிஸ்டர்சியன் துறவியர். இன்று அது ஆர்த்தடாக்ஸ் மடம். அங்கேதான் 1993-இல் கத்தோலிக்க-ஆர்த்தடாக்ஸ் இறையியல் ஆணைக்குழு கூடியது. ஒருவர் மக்களை மற்றவர் தம்பக்கம் இழுப்பது ஒன்றிப்புக்கு வழியன்று என்றும், இரண்டும் சகோதரத் திருச்சபைகள் என்றும் அது அறிவித்தது.

அன்ஃபேயின் பழைய செல்வம் உப்பு. காற்றாலைகள் கடல்நீரை இறைத்துப் பாத்திகளில் நிரப்பும். கோடை வெயில் நீரை வற்றச்செய்யும். மக்கள் உப்பை வாரிக் குவிப்பர். மலிவான வெளிநாட்டு உப்பு வந்து குவிந்தபின் பாத்திகள் பல பாழாயின. கரையோரத்தில் வெள்ளையும் நீலமும் தீட்டிய உல்லாச விடுதிகள் எழுந்துள்ளன. ஆயினும் சிலர் தொழிலை விடாது காத்து வருகின்றனர்.

தம்மைப் பின்செல்வோரை நம் ஆண்டவர் உப்புக்கு ஒப்பிட்டார். உப்பு தனக்கென விளைவதில்லை. கீழ்த்திசையில் சிறு மந்தையாக வாழும் கிறிஸ்தவர்கள் தங்கள் சாரத்தை இழந்துவிடாதிருக்கவும், பிரிந்திருப்போர் ஒரே ஞாயிறன்று உயிர்ப்பைப் பாடும் நாள் விரைந்து வரவும், நம் குடும்ப செபத்தில் அவர்களை நினைவுகூர்வோமாக.