ஆடித்தபசில் பார்த்த சாரணிப் பெண்

ஆடி பிறந்துவிட்டால் எனக்கு மதுரையில் இருப்புக் கொள்ளாது. "கோயில்ல கொடியேறிட்டு, எப்ப வாரீக?" என்று சங்கரன்கோவிலிலிருந்து மதினி போன் செய்தால் போதும், அன்றே பையை எடுத்து வைத்துவிடுவேன். "உனக்குத் தபசு முக்கியமா, பிறந்த வீடு முக்கியமா?" என்று என் கணவர் கேலி செய்வார். இரண்டும்தான்!

இந்த முறை ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று போகப் போக மேற்கே மலை கூடவே வரும். வழக்கமாக ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு ஓயாமல் பேசி வருகிறவள், அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். துருவித் துருவிக் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் சாரணர் படைக்குப் பெயர் கொடுக்கப் போயிருக்கிறாள். "அது பையன்களுக்கு மட்டும்தான். பெண்களுக்கு இங்கே கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்?" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை நானும் என் அம்மாவிடம் கேட்டவள்தானே!

அப்போது என் அண்ணன் சாரணராக இருந்தான். சனிக்கிழமையானால் கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் கயிறு என்று மிடுக்காகக் கிளம்புவான். திரும்பி வந்ததும் திண்ணைத் தூணில் முடிச்சுப் போட்டுப் பழகுவான். கட்டுப் போட்டுப் பழக அவனுக்கு ஒரு 'நோயாளி' வேண்டுமே? அது நான்தான்! என் கை, கால், தலை எல்லாவற்றிலும் அவன் கட்டுப் போட்ட நாட்கள் உண்டு. அவனுக்குப் பரீட்சை வருவதற்குள் அத்தனை முடிச்சும் எனக்குப் பாடமாகிவிட்டது. நானும் சேருகிறேன் என்றபோது, "பொட்டப்புள்ளைக்கு எதுக்குட்டி அந்த வேலை?" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஒற்றைக் காலில் நின்ற அம்மன்

சங்கரன்கோவில் முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019-ல் தென்காசி தனி மாவட்டமானதும் அதில் சேர்ந்துவிட்டது. மாவட்டம் மாறினாலும் ஊர் மாறவில்லை. தறிச் சத்தமும், பூ மார்க்கெட்டின் மல்லிகை வாசமும் அப்படியே இருக்கின்றன.

கோயிலின் கதையை மகளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். சிவன்தான் பெரியவர் என்கிறான் ஒருவன், இல்லை திருமால்தான் என்கிறான் மற்றவன். வழக்கு அம்பாளிடம் வருகிறது. அவள் ஊசி முனையில் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள். வலப் பாதி சிவனும் இடப் பாதி திருமாலுமாக, ஒரே உடம்பில் சங்கரநாராயணராக இறைவன் காட்சி கொடுக்கிறான். அந்தக் காட்சிதான் ஆடித்தபசு. அன்றைக்குச் சுற்று வட்டாரத்து விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் கொண்டுவந்து அம்மன் சப்பரத்தின் மீது வீசி வேண்டிக்கொள்வார்கள். கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளாமல் யாரும் ஊர் திரும்ப மாட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆடிச்சுற்று என்று பெயர். கொடியேறிய நாளிலிருந்து ஆணும் பெண்ணும் கோயிலை 108, 501 என்று கணக்கு வைத்துச் சுற்றுவார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் அம்மனின் கால் வலியில் நாமும் பங்கெடுத்துக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. எழுபதைத் தாண்டிய என் அம்மாவும் தினம் கொஞ்சமாகச் சுற்றி வந்தாள். தபசு அன்று காலையில் மீதி 21 சுற்றையும் முடிக்கிறேன் என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் புறப்பட்டாள். சொன்னால் கேட்கிறவளா?

கூட்டத்தில் நடந்தது

ஆடிக்காற்று அடித்தாலும் கூட்டத்துக்குள் ஒரே புழுக்கம். சுற்று முடியும் சமயம், "கண்ணக் கட்டுதுட்டி" என்றாள் அம்மா. பிடிப்பதற்குள் அப்படியே சரிந்துவிட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

கூட்டத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்த சாரணப் பையன்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். சாம்பல் நிறச் சட்டை, கருநீலக் கால்சட்டை. பதினான்கு வயதுக்குள்தான் இருக்கும். கையைக் கோத்துக் கூட்டத்தை விலக்கிக் காற்று வர வழி செய்தார்கள். அது வரைக்கும் நன்றாகச் செய்த பிள்ளைகள், அதற்கு மேல் தயங்கி நின்றார்கள். வயதான பெண்மணி, சேலை விலகிக் கிடக்கிறது. தொடலாமா, கூடாதா? பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதற்குள் நீல உடுப்பில் ஒரு சாரணிப் பெண் வந்து சேர்ந்தாள். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். "அக்கா, நீங்க சேலையைப் பிடிச்சு மறைச்சுக்கோங்க" என்று பக்கத்தில் நின்ற பெண்களிடம் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினாள். அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு காலையும் என் பையின் மேல் தூக்கி வைத்தாள். ரவிக்கையின் மேல் கொக்கியையும் இடுப்புக் கட்டையும் தளர்த்தினாள். யாரோ ஒரு அம்மாள் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார். "இப்ப வேண்டாம் பாட்டி. முழுசா முழிப்பு வரட்டும். மயக்கத்துல ஊத்தினா புரையேறிடும்" என்று தடுத்தாள். பையன்களிடம் திரும்பி, "ஒரு நிமிஷத்துல முழிக்கலேன்னா 108-க்குச் சொல்லணும், ரெடியா இருங்கடா" என்றாள்.

நல்ல வேளை, அம்மா கண் திறந்துவிட்டாள். உடனே எழுந்திருக்கப் பார்த்தவளை அந்தப் பெண் விடவில்லை. கொஞ்ச நேரம் படுக்கவைத்து, பிறகு மெல்ல உட்காரவைத்து, அப்புறம்தான் மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுத்தாள். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் மூன்று விரலைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் கூட்டத்தில் மறைந்துவிட்டாள்! என் மகள் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மொட்டை மாடிப் பேச்சு

தபசுக் காட்சி பார்த்துவிட்டு வந்து, இரவு மாடியில் எல்லோரும் உட்கார்ந்தபோது பேச்சு இதைப் பற்றியே சுற்றியது. அண்ணன்தான் பழைய கதையெல்லாம் சொன்னார்.

பேடன் பவல் இங்கிலாந்தில் 1907-ல் 20 பையன்களை ஒரு தீவுக்குக் கூட்டிப்போய் முகாம் நடத்தியதில்தான் சாரணர் இயக்கத்துக்கு வித்து விழுந்தது. 1909-ல் லண்டனில் சாரணர்கள் கூடியபோது, அழைக்காமலே சில பெண்களும் சாரணர் போல உடுத்திக்கொண்டு, "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வந்து நின்றார்களாம். அடுத்த வருஷமே பெண்களுக்கென்று தனி இயக்கம் வந்தது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதை நடத்தினார்.

நம் நாட்டில் 1909-ல் பெங்களூரில் சாரணர் படையும், 1911-ல் ஜபல்பூரில் பெண்கள் படையும் தொடங்கின. ஆனால் முதலில் வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இடம். நம் பையன்களையே சேர்த்துக்கொள்ளவில்லை! அவர்களுக்காக 1916-ல் சென்னையில் தனியாக ஓர் இயக்கம் தொடங்கியவர் ஒரு பெண்மணி, அன்னி பெசன்ட் அம்மையார்.

சுதந்திரத்துக்குப் பின் 1950-ல் பையன்களின் சங்கங்கள் ஒன்றாயின. 1951 ஆகஸ்ட் 15-ல் பெண்கள் சங்கமும் வந்து சேர, பாரத சாரண சாரணியர் இயக்கம் முழுமையானது. 1964-லிருந்து 1983 வரை இரண்டு பிரிவுக்கும் சேர்த்துத் தேசிய ஆணையராக இருந்தவரும் ஒரு பெண்தான், லட்சுமி மஜும்தார். இங்கிலாந்தில் எல்லாப் பிரிவிலும் பெண்களைச் சேர்க்கலாம் என்றானது 1991-ல். அமெரிக்கா இன்னும் தாமதம். சின்னப் பெண்களுக்கு 2018-லும் பெரிய பெண்களுக்கு 2019-லும்தான் கதவு திறந்தது. அங்கேயும் பெரிய பெண்களுக்குத் தனிப் படைதான் அமைத்தார்கள்.

"நம்ம சங்கரநாராயணர் மாதிரி ரெண்டு பாதியும் ஒரே உடம்புலதான் இருக்கு. சட்டத்துல குறை இல்ல தங்கச்சி" என்றார் அண்ணன். "சாரணியருக்குப் படை வேணும்னா பயிற்சி எடுத்த டீச்சர் ஒருத்தி வேணும். பல பள்ளிக்கூடத்துல அந்த டீச்சர்தான் இல்ல."

"அப்ப பையன்களோடேயே சேர்த்துவிட்டா என்ன?" என்றாள் மதினி.

உண்மையைச் சொல்கிறேன் சகோதரிகளே, எனக்கு அதில் மனசு முழுசாக ஒப்பவில்லை. முகாம் என்றால் இரவு தங்க வேண்டும். கழிவறை, குளியல், மாதவிலக்கு நாட்கள் என்று ஒரு தாய்க்கு ஆயிரம் கவலை. பெண்களுக்குத் தனி அணி, கூடவே ஓர் ஆசிரியை, திருவிழாச் சேவையில் மட்டும் பையன்களோடு தோளுக்குத் தோள் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். ஆனால் தனிப் படையும் இல்லை, பையன்களோடும் இல்லை என்று பெண்ணை வெளியே நிறுத்துவது மட்டும் எந்த விதத்தில் நியாயம்?

அது வரை பேசாமல் படுத்திருந்த அம்மா மெல்ல வாயைத் திறந்தாள்: "அந்தப் பிள்ளைக்குக் கை நடுங்கவே இல்லட்டி, பாத்தியா?" கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரி தங்கச் சொன்னா டீச்சரம்மாவும் கூட இருப்பாகளா?" என்று கேட்டாள்.

முப்பது வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த அனுமதி அது! எனக்கில்லை, என் மகளுக்கு.

மதுரை திரும்பிய பின்

ஊர் வந்ததும் தெரிந்த நான்கு தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். தலைமை ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். ஆறு முதல் எட்டுப் பெண்கள் இருந்தால் ஓர் அணி. பெண்கள் தயார், ஆசிரியை வேண்டுமே என்றார். பிறகுதான் தெரிந்தது, ஆசை உள்ள ஆசிரியை ஒருவர் அங்கேயே இருக்கிறார். சில நாட்கள் வெளியூரில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். அவருக்கு ஒன்றரை வயதுக் குழந்தை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் அவர் வாயே திறக்கவில்லை!

எத்தனை பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகளின் ஆசை இப்படி ஒரு தொட்டில் கயிற்றில் கட்டிப் போடப்பட்டிருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

"குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் டீச்சர்" என்று சொல்லிவிட்டோம். பகலில் நானும் என் பக்கத்து வீட்டுச் சகோதரியும் பார்ப்பது, இரவில் குழந்தையின் அப்பா பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. அடுத்த பயிற்சிக்கு அவர் பெயர் கொடுத்திருக்கிறார். குழந்தை இப்போதே என்னிடம் பழகுவதற்காகச் சாயங்காலத்தில் வந்து போகிறது. பருப்புச் சாதம் பிசைந்து கொடுத்தால் அடம் பிடிக்காமல் சாப்பிடுகிறது.

என் மகளோ, கொல்லையில் கொடிக்கயிறு கட்டும் இடத்தில் என்னிடம் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்கிறாள். "உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?" என்று ஆச்சரியமாகக் கேட்டாள்.

"நான் உன் மாமாவோட நோயாளிடி" என்றேன்.

உங்கள் பெண் படிக்கும் பள்ளியில் சாரணியர் படை இருக்கிறதா? நாளைக்கே ஒரு நடை போய் விசாரியுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.