குழாய்க்கும் ஒரு முட்டு

பாலாற்றைப் பற்றிப் பேசாத ஆம்பூர்க்காரன் உண்டா? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்று 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லது. ஆனால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வரை சிந்தாமல் போய்ச் சேரவேண்டாமா?

விடுமுறையில் ஒரு டேனரிக்குப் பயிற்சிக்குப் போனேன். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து சேகரிப்புத் தொட்டிக்குப் போன ஹோஸ் நடுவே தொங்கியது. அந்தப் பள்ளத்தில் சுண்ணாம்பும் மயிரும் அடைத்துக்கொள்ள, இணைப்பு வழியே நாற்றநீர் மண்ணில் ஒழுகியது. ஃபிட்டர் அண்ணன், "இன்னா தம்பி பாக்கற? முட்டுக் குடுக்காம உட்டா இப்படித்தான்" என்றபடி செங்கல்லைப் படிப்படியாக இறக்கி அடுக்கினார். சரிவு கிடைத்தது, அடைப்பு கரைந்தது, ஒழுக்கு நின்றது!

மேல்நாடுகளில், வீடுபோலத் தங்கிப் பயணிக்கும் வண்டிகளின் கழிவு ஹோஸுக்கு மடக்கி விரிக்கும் தாங்கியே விற்கிறார்கள். பொதுவான கணக்கு, அடிக்குக் கால் அங்குலச் சரிவு. பத்தடிக்கு இரண்டரை அங்குலம். டிப்ளமோ படிக்கும் நமக்கு இது பெரிய வித்தையா?

தீர்ப்பு டெல்லியில் எழுதப்பட்டது. அதை நிறைவேற்றும் செங்கல் நம் கையில் இருக்கிறது. குழாயை நாம் தாங்குவோம். பாலாறு நம்மைத் தாங்கும்!