சுவருக்குள் நிற்கும் தூண்கள்

சிசிலித் தீவின் சிரக்கூசா பேராலயத்தினுள் நுழைந்தபோது நம் கண்கள் பீடத்தைத் தேடவில்லை. பக்கச் சுவரிலேயே நிலைத்து நின்றன. சுவரில் பாதி புதைந்தவாறு மாபெரும் கிரேக்கத் தூண்கள்! கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அத்தேனா தெய்வத்திற்கு எழுப்பப்பட்ட கோவிலின் தூண்கள் அவை. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் அக்கோவிலைத் தகர்க்கவில்லை. தூண்களின் இடைவெளிகளைச் சுவரால் அடைத்து ஆலயமாக்கினர். அரபியர் ஆட்சியில் அது மசூதியாயிற்று. நார்மானியர் காலத்தில் மீண்டும் ஆலயமாயிற்று. 1693-ஆம் ஆண்டு நிலநடுக்கம் முகப்பை வீழ்த்தியது. தூண்களோ இன்றும் கூரையைத் தாங்குகின்றன. உரோமைக்குச் செல்லும் வழியில் இந்நகரில் மூன்று நாள் தங்கிய திருத்தூதர் பவுலும் அவற்றைக் கண்டிருக்கக்கூடும்.

நாமோ, நம் பங்கின் பழைய ஆலயத்தை அடியோடு இடித்துப் புதிதாகக் கட்ட வரைபடம் தீட்டிவிட்டு வந்திருந்தோம். “அந்தப் பீடத்தின் முன்புதான் சாமி எனக்குத் தாலி ஏறியது” என்று மூதாட்டி ஒருவர் கலங்கியபோது, புன்னகையோடு கடந்து சென்றோம். இறையருள் மனித இயல்பைத் துடைத்தெறிவதில்லை, அதை உயர்த்துகிறது என்று குருமடத்தில் பாடமாகப் படித்தோம். கல்லில் கண்டது இங்கேதான்.

ஊர் திரும்பியதும் வரைபடத்தை மடித்து வைத்தோம். பழைய சுவர்களை நிறுத்தியே ஆலயத்தை விரிவாக்க இயலுமா என்று பங்குப் பேரவையைக் கேட்கவேண்டும். அதற்கு முன், அந்த மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.