பிடாடரியில் அடக்கம்

அக்டோபர் 28, 2024, திங்கள்
விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம். அப்பா சொல்லி அனுப்பியது கொஞ்சம்தான். கொள்ளுத் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. 1938-இல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார், அடக்கமும் இங்கேயே. 1935-இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ பத்திரிகை அந்தக் காலத்தை எட்டிப் பிடிக்கிறது. ஆனால் மரண அறிவிப்புகளில் இருப்பவர்கள் வசதி படைத்தவர்கள். கிராணிக்கு யார் காசு கொடுத்து அறிவிப்புப் போடுவார்கள்?

அந்த ஆண்டில் இறந்த கிறிஸ்தவர் என்றால் பெரும்பாலும் பிடாடரிக் கல்லறைதான். அப்படியானால் அங்கே இப்போது குழி இல்லை என்று தெரிந்தேதான் விமானம் ஏறினேன். வேறு இடமாக இருக்கட்டுமே என்று ஓர் ஆசை.

அக்டோபர் 29, செவ்வாய்
ஒஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயம். 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டி முடித்தது. அலுவலகத்தில் இருந்த பெரியவர், “நாகப்பட்டினமா? எங்க பாட்டி காரைக்கால்” என்று சொல்லிக்கொண்டே பதிவேட்டை எடுத்து வைத்தார். லத்தீன் வாசகம், சாய்ந்த கையெழுத்து. கொள்ளுத் தாத்தாவுடையது சவேரியார் பெயர். நம் பெயர்களை ஐரோப்பியக் குருக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள் என்பதால் எஸ், சி, எக்ஸ் மூன்று எழுத்திலும் பார்க்கச் சொன்னார். எக்ஸில் இருந்தார். வயது 41. மனைவி பெயர் சரி. இறந்தது மார்ச் 11. கடைசியில் ஊர்ப்பெயர் போல ஒரே சொல்: பிடாடரி.

“வரிசை, குழி எண் எதுவும் இல்லையேங்க ஐயா?”

“இருந்தாலும் என்னம்மா செய்வே? அங்க இப்ப வீடு கட்டியாச்சு.”

அக்டோபர் 30, புதன்
கன்னிங் கோட்டைக் குன்று. ஊரின் பழைய கிறிஸ்தவக் கல்லறை இங்கேதான் இருந்தது. 1865-இல் மூடினார்கள். இன்று வெறும் புல்வெளி. பெயர்க்கற்களைச் சுற்றுச்சுவரில் பதித்திருக்கிறார்கள். இங்கே இடம் தீர்ந்ததும் புக்கித் தீமா சாலைக்குப் போனார்கள். அதுவும் நிரம்பி 1908-இல் பிடாடரி. 1972-இல் அதையும் மூடி, இப்போது சுவா சூ காங். அங்கேயும் 1998 முதல் குழிக்குப் பதினைந்து ஆண்டுத் தவணைதான். இந்த ஊரில் செத்தவரும் வாடகைக் குடித்தனம்தான். கொள்ளுத் தாத்தாவுக்கென்று தனியாக எந்த அநியாயமும் நடந்துவிடவில்லை.

அக்டோபர் 31, வியாழன்
தீபாவளி. அலுவலகங்கள் விடுமுறை. எம்ஆர்டி ரயிலில், பிடாடரி இருந்த உட்லீக்குப் போனேன். 2003-இல் கட்டிய நிலையத்தை 2011-இல்தான் திறந்தார்கள். அதுவரை இறங்க ஆளில்லாத இடம். இப்போது வெளியே வந்தால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள், பால்கனியில் துணி, சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். பூங்காவைப் போன மாதம்தான் திறந்திருக்கிறார்கள். ஏரிக்கரையில் நல்ல கூட்டம்.

2001 முதல் 2006 வரை இங்கே தோண்டியிருக்கிறார்கள். கிறிஸ்தவர் பக்கம் சுமார் 58,000 குழிகள், முஸ்லிம்கள் பக்கம் சுமார் 68,000. முஸ்லிம்களின் எச்சங்களைச் சுவா சூ காங்கில் மறுபடி அடக்கினார்கள். கிறிஸ்தவர்களில் சொந்தக்காரர் வந்தவர்களின் அஸ்தி குடும்பத்துக்கு. யாரும் வராதவர்களின் அஸ்தி கடலுக்கு. லிம் பூன் கெங், ராஃபிள்ஸ் ஹோட்டலை வடிவமைத்த பிட்வெல் போன்ற சிலரின் கற்களை மட்டும் நினைவுத் தோட்டத்துக்காக எடுத்து வைத்தார்கள்.

கொள்ளுத் தாத்தாவுக்குக் கேட்டு வந்தவர் யாருமில்லை. தோண்டப்போகும் அறிவிப்பு வந்தபோது அவருடைய மருமகள், என் பாட்டி, உயிரோடுதான் இருந்தார். சிங்கப்பூர்ப் பத்திரிகை நாகப்பட்டினத்துக்கு ஏது?

நவம்பர் 2, சனி
கல்லறைத் திருநாள். லூர்து அன்னை ஆலயப் பூசையில் அவர் பெயரைச் சேர்த்தேன். வெளியே வந்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

“குழி கிடைச்சுதாம்மா?”

“இல்லப்பா. தேதி கிடைச்சுது. மார்ச் 11.”

“மார்ச்சா? நாம ஏப்ரல்ல பூசை வச்சுக்கிட்டிருந்தோமே!”

சாவுச் செய்திக் கடிதம் வந்து சேர்ந்த நாளையே இத்தனை வருஷம் அவர் இறந்த நாளாக வைத்திருந்திருக்கிறோம். கடல் விஷயத்தையும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன்.

“இங்க மட்டும் என்னவாம்? உங்க தாத்தா குழியிலதான் பாட்டியவும் வச்சோம். வந்த எலும்ப ஓரமா ஒதுக்கிட்டுத்தான். அது நம்ம குழின்னு நாம போய் நின்னோம், அவ்வளவுதான். அந்தக் கல்லுல இன்னும் எடம் இருக்கு. எங்க தாத்தா பேரையும் வெட்டிடலாம்.”

“அவர் அங்க இல்லியேப்பா.”

“இல்லேன்னும் சேர்த்து வெட்டச் சொல்லு.”

பதிவேட்டுப் பக்கத்தின் படத்தை அனுப்பினேன். கல் வெட்டுகிறவருக்கு வாசகமும் எழுதி வைத்தேன்: பெயர், 11.3.1938, அடக்கம் சிங்கப்பூர் பிடாடரி.