கால்களின் சுபாவம்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வளர்ந்த எமக்கு, அக்கோட்டையின்மீது ஏறுதல் இளமை முதலே ஒரு தண்டனையாக இருந்தது. எம் தமையனாருக்கோ அது விளையாட்டு. சனிக்கிழமை மாலைதோறும் எந்தையார் எம்மிருவரையும் அழைத்துச் செல்வார். தமையனார் படிகளைத் தாவிச் சென்று, உச்சியிலுள்ள பாழ்பட்ட கோயிலைத் தொட்டுவிட்டு, பாதிவழி இறங்கிவந்து எம்மைக் கண்டு நகைப்பார். யாமோ மதில் நிழலில் அமர்ந்து, சிறுமலைமேல் முகில் தவழ்வதைப் பார்த்திருப்போம். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே சோற்றை உண்ட இருவரில் ஒருவன் மானும் ஒருவன் ஆமையுமானது எங்ஙனம் என எந்தையார் வருந்துவார். வீட்டில் எமக்குச் சோம்பேறி என்னும் பெயர் நிலைத்தது. "அவன் தாத்தாவை உரித்து வைத்திருக்கிறான், அவனை ஏன் வைகிறீர்கள்?" என்று அன்னையார் மட்டும் எமக்காகப் பரிந்து பேசுவார்.

அச்சொல் வெறும் பரிவன்று என்பதை யாம் அறிந்தது வெகுகாலம் கழித்தே. 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 7 நாடுகளைச் சேர்ந்த 37,051 இரட்டையர் இணைகளின் தேகாப்பியாசப் பழக்கம் ஒப்புநோக்கப்பட்டது. ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையர், இரு கருக்களாய்த் தோன்றிய இரட்டையரினும் மிகுதியாக ஒத்திருந்தனர். மக்களிடையே காணும் வேற்றுமையில் ஏறத்தாழப் பாதி முதல் 10-இல் 7 பங்கு வரை பரம்பரையால் வருவதென்று கணக்கிட்டனர். நார்வே நாட்டு ஆடவரிடத்து மட்டும் அப்பங்கு வெகு குறைவு. அமெரிக்காவில் தியோடர் கார்லாண்ட் என்னும் அறிஞர், 1993 முதல், சக்கரத்தில் தாமாகவே மிகுதியாக ஓடும் சுண்டெலிகளைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார். அவற்றின் வழிவந்தவை ஏனைய எலிகளைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஓடின. அவற்றை விரட்டியவர் எவருமிலர். சோம்பலுக்கென்று தனியொரு மரபணு இல்லை. பற்பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்தே இச்சுபாவத்தை ஆக்குகின்றன.

இவற்றைப் படித்து யாம் பெரிதும் மகிழ்ந்தோம் என்பதை ஒளிப்பானேன்? குற்றம் எம்முடையதன்று, குருதியினுடையது எனத் தமையனாருக்கு எழுதவும் எண்ணினோம். அப்பொழுதுதான் பாட்டனார் நினைவுக்கு வந்தார்.

வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்கும் ஒரு கிணற்றுக்கும் உரியவர் அவர். வேலை ஒழிந்தால் திண்ணையை விட்டு அசையார். அதனளவில் அன்னையார் சொன்னது மெய்யே. ஆனால் வேலை ஒழிவது எப்பொழுது? விடியுமுன் கமலை பூட்டி நீர் இறைப்பார், களை வெட்டுவார், சந்தைக்குத் திண்டுக்கல் வரை நடந்தே வந்து நடந்தே மீள்வார். அவரை எவரும் சோம்பேறி என்றதில்லை. எமக்குள்ள அதே சுபாவம் அவரிடமும் இருந்தது; வயிறும் நிலமும் அதனை வாய்திறக்க விடவில்லை. இரட்டையரிடத்து அளக்கப்பட்டதும் ஓய்வுநேரத்து அப்பியாசமே என்பதை யாம் முதற்கண் கவனியாது விட்டோம். கிணற்றுக்குப் பம்புசெட்டும் சாலைக்குப் பேருந்தும் வந்த பின்னரே, அசைவதும் அசையாதிருப்பதும் எம் போன்றாரின் விருப்பமாயிற்று. மறைந்திருந்த பரம்பரையும் வெளிவந்தது.

தமிழ்நாடு உள்ளிட்ட 4 பகுதிகளில் 14,227 பேரிடம் நடத்தி, 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், போதிய உடலுழைப்பில்லாதவர் நகரத்தில் 100-க்கு 65 பேர், நாட்டுப்புறத்தில் 50 பேர் எனக் கண்டனர். நகரத்தாருக்கு ஒரு குருதியும் நாட்டாருக்கு வேறொரு குருதியுமா ஓடுகிறது?

எமக்கு நீரிழிவு என்று மருத்துவர் உரைத்தபின், தமையனார் நாள்தோறும் காலை 5 மணிக்கு எம் வாயிலில் வந்து நிற்கிறார். கோட்டைப் பாறையைச் சுற்றும் வழியில், பாதியிலுள்ள தேநீர்க்கடை வரையில் யாமும் உடன் செல்வோம், அங்கே அமர்ந்துவிடுவோம். அவர் மேலே நடந்து, நெடுநேரம் கழித்துத் திரும்பி வருவார். இப்பொழுதெல்லாம் அவர் நகைப்பதில்லை. தேநீரில் சர்க்கரை வேண்டாவென்று கடைக்காரரிடம் எமக்காக அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகிறார்.