வேர் மட்டும் சாகவில்லை

பாசார் மாலாமில் நடந்து போகும்போது வறுத்த செஸ்நட் வாசனை நம் காலைக் கட்டிப்போடும். பெரிய சட்டியில் கரிய மணலோடு புரண்டு, தோல் வெடித்து வரும் அந்தக் கொட்டையை மலாயில் ‘புவா பெராங்கான்’ என்பார்கள். நமக்கு அது மாலை நேரத் தீனி. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைமக்களுக்கோ ஒரு காலத்தில் அந்த மரம்தான் பாதி வாழ்க்கை. அதைத் தேடித்தான் செப்டம்பர் கடைசியில் வெர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலைக்குப் போயிருந்தேன்.

டமாஸ்கஸ் என்ற சிற்றூரின் வழியாக அப்பலாச்சியன் மலைப்பாதை செல்கிறது. ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் நடைபாதை அது. ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறினால், ஓக் மரங்களின் நிழலில் இடுப்பளவு, ஆளுயரம் என்று செஸ்நட் கன்றுகள் தென்படுகின்றன. நீண்ட இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல். பார்வைக்கு இளங்கன்று. ஆனால் மண்ணுக்கடியில் இருக்கும் வேருக்கு நூறு வயதுகூட இருக்கலாம்.

அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் ஒரு காலத்தில் 300 முதல் 400 கோடி செஸ்நட் மரங்கள் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். மக்கள் கொட்டையைப் பொறுக்கி விற்றார்கள். மிச்சத்தைப் பன்றிகள் தின்று கொழுத்தன. தொட்டிலும் அந்த மரத்தில்தான், சவப்பெட்டியும் அந்த மரத்தில்தான்.

1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குத் தோட்டத்தில் இம்மரங்களின் பட்டை வெடித்துக் கருகத் தொடங்கியது. ஆசியாவிலிருந்து இறக்குமதியான செஸ்நட் கன்றுகளோடு வந்த பூஞ்சைதான் காரணம். ஆசிய மரங்களுக்கு அது பழகிய நோய். அமெரிக்க மரத்துக்கோ எமன். ஐம்பதே ஆண்டுகளில் காடு காலியானது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்தப் பூஞ்சையை விடுவதில்லை என்பதால் வேர் மட்டும் தப்பியது. அது துளிர்க்கும், சில ஆண்டு வளரும், மறுபடி நோய் பிடித்துச் சாகும், மறுபடி துளிர்க்கும்.

இந்தச் சுழலை உடைக்க 1983இல் தொடங்கியது அமெரிக்கச் செஸ்நட் அறக்கட்டளை. டமாஸ்கஸுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள மெடோவியூ என்ற ஊரில் 1989இலிருந்து அதன் ஆய்வுப் பண்ணை நடக்கிறது. சீன மரத்தின் எதிர்ப்புச் சக்தியை அமெரிக்க மரத்துக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டையும் கலந்து, பிறந்த கன்றை மீண்டும் மீண்டும் அமெரிக்க மரத்தோடு சேர்த்தார்கள். மூன்று முறை சேர்த்தால் பதினாறில் பதினைந்து பங்கு அமெரிக்க மரம்.

இதற்கு நிறைய கைகள் வேண்டும். அவை தொண்டூழியர்களின் கைகள். வழியில் நான் பார்த்த ஒரு சிறிய தோட்டத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தடித்த கையுறையோடு காய் பறித்துக்கொண்டிருந்தார். தூரத்தில் பார்த்தால் ரம்புத்தான், தொட்டால் ஊசி. ஜூனில் பெண் பூக்களுக்குக் காகிதப் பை மாட்டி, வேறு மரத்து மகரந்தத்தைத் தடவி, திரும்பவும் பையை மூடியதன் பலன் இப்போது கையில்.

அவர் காட்டிய இன்னொரு வரிசைதான் மனதில் நின்றது. சில ஆண்டுகள் களை பிடுங்கி, மானுக்கு வேலி கட்டி வளர்த்த மரங்கள். அவற்றின் பட்டையில் துளையிட்டு, அந்தப் பூஞ்சையை இவர்களே வைக்கிறார்கள். எந்த மரம் புண்ணை ஆற்றிக்கொள்கிறது என்று அளந்து குறிக்கிறார்கள். தாங்காதவை வெட்டப்படும். பெரும்பாலானவை தாங்குவதில்லை. “வெட்டக் கஷ்டமாக இல்லையா?” என்று கேட்டேன். “இருக்கிறது. அதனால்தான் நானே வெட்டுகிறேன்” என்றார்.

ஏமாற்றங்களும் உண்டு. எதிர்ப்புச் சக்தி இரண்டு மூன்று மரபணுக்களில் அடங்கும் என்றுதான் முதலில் நம்பினார்கள். பல மரபணுக்களில் சிதறிக் கிடப்பது பிறகு தெரிந்தது. கோதுமை மரபணு சேர்த்து உருவாக்கிய ‘டார்லிங் 58’ மரத்தின் மீது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பரிசோதித்த மரங்கள் உண்மையில் வேறொரு வகை என்றும், எதிர்பார்த்தபடி வளரவில்லை என்றும் தெரிந்து, 2023 டிசம்பரில் அறக்கட்டளை தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. ஆனாலும் தோட்டத்து வேலை நிற்கவில்லை.

பால்மரக் காட்டில் வளர்ந்த குடும்பங்களுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும். ரப்பரின் தாயகமான அமேசானில் ஹென்றி ஃபோர்டு 1928இல் தொடங்கிய தோட்ட முயற்சி தோற்றதற்கு இலைக்கருகல் நோய் ஒரு முக்கியக் காரணம். அந்த நோய் இன்றுவரை மலேசியாவில் காலூன்றவில்லை. ஊன்றியிருந்தால் நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரங்களின் கதையும் வேறாகியிருக்கும்.

கிளம்பும்போது காலடியில் பளபளவென்று ஒரு கொட்டை கிடந்தது. நினைவாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நாலடி நடந்ததும், அந்த நோய் கடல் தாண்டி வந்ததும் ஆசையாகக் கொண்டுவந்த கன்றுகளோடுதானே என்று உறைத்தது. திரும்பிப் போய் அவருடைய கூடையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.